கதவு சார் மருமகள் கட்டிய நிலையம்

அன்று அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் நகராட்சித் தலைவி, காவல் ஆய்வாளர், பணியிலிருந்த தீயணைப்பு வீரர்கள், கட்டடத்தை வடிவமைத்த மருமகள், அவளுடைய மாமனார். லாக்கப்பில் கிடந்த சைக்கிள் திருடனையும் சேர்த்துக்கொள்ளலாம். வேறு யாரும் இல்லை. நானும் பார்த்தேன் என்று இப்போது சொல்லித் திரிகிறவர்கள் அன்று வாசலைக்கூட மிதிக்கவில்லை.

மாமனார் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குக் கதவு சார் என்று பெயர். சாத்திய கதவு தீயைத் தடுக்கும் என்பதைத் தன்னிடம் பயிற்சி பெற்ற ஒவ்வொருவர் மண்டையிலும் ஏற்றியவர். எந்த அறையைவிட்டு வெளியே வந்தாலும் அவர் கை தானாகப் பின்னால் போகும். ஒருமுறை மனைவியை மொட்டை மாடியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்ததும் உண்டு.

காவல் நிலையத்தையும் தீயணைப்பு நிலையத்தையும் ஒரே கூரையின் கீழ் கட்டும் பொறுப்பு மருமகளிடம் வந்தபோது அவர் ஊரெல்லாம் சொல்லவில்லை. முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கூரையில் விழும் மழை நிலத்தடித் தொட்டிக்குப் போய் வண்டி கழுவ உதவியது. ஏ.சி. கிடையாது. தீயணைத்து வந்த ஈரத் துணிக்குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் கோபுரத்துக்கு அவள் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தாள். அதன் தலையில் கறுப்புத் தகடு. வெயிலில் சூடேறிய காற்று கோபுரம் வழியே மேலேறிப் போக, மரநிழலில் குளிர்ந்த காற்று ஒவ்வொரு கதவின் தலைக்கு மேலும் இருந்த திறப்புகள் வழியாக உள்ளே இழுபடும். ஒப்படைத்த நாளில் கட்டடம் குளுகுளுவென்றுதான் இருந்தது.

தலைவி வந்த அன்றோ அடுப்புக்குள் நிற்பது போல் இருந்தது. சுவரை உடைத்து ஏ.சி. மாட்டுவதா என்று முடிவு செய்யத்தான் தலைவி வந்திருந்தார். உடைத்தால் அவளுடைய கட்டடம் தோற்றது என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் யார் செய்த வேலையையும் இதுவரை யாரும் பிரித்துக் கட்டியதில்லை.

"லாக்கப்ல இருக்கிறவனே புகார் கொடுக்கிறான் மேடம். நான் யார்கிட்ட போய்க் கொடுக்கிறது?" என்றார் ஆய்வாளர்.

மருமகள் அண்ணாந்து பார்த்தாள். கதவுகளுக்கு மேலிருந்த திறப்புகள் எல்லாம் இறுக மூடிக் கிடந்தன.

"இதையெல்லாம் யார் சாத்தினது?"

வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வண்டி ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "வெளியே கிளம்புறப்ப எல்லாத்தையும் சாத்திட்டுத்தானே மேடம் போவோம். சார் பழக்கினது."

அத்தனை பேர் கண்களும் மாமனார் பக்கம் திரும்பின. கைத்தடியை ஊன்றி நின்ற அவர் தலையைக் குனியவில்லை. "ஹால்ல இருக்கிற நாலும் காலைல நான் சாத்தினதும்மா."

"தெரியும் மாமா. உங்க தடி பட்ட தடம் இருக்கு."

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"சிரிக்கிற விஷயமில்ல," என்றார் அவர். "ஒரு ரூம்ல தீ பிடிச்சா அந்த ஓட்டை வழியா அடுத்த ரூமுக்குப் போயிடும். காத்து வாங்கணும்னு ஆளைப் பறிகொடுக்க முடியாது. என் மருமக கட்டினதா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்."

"அதைத்தான் மாமா நானும் முதல்ல யோசிச்சேன்."

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஒரு திறப்பைத் திறந்து காட்டினாள். மூடியைத் தாங்கி நின்றது விரல் நக அளவு உலோகக் கண்ணி ஒன்று. ஆய்வாளரிடம் லைட்டர் வாங்கி அதன் கீழே பிடித்தாள். கண்ணி இளகி அறுந்தது. மூடி டப்பென்று விழுந்து மூடிக்கொண்டது.

"கதவை எவ்வளவு வேணும்னாலும் சாத்துங்க. அதுக்கு மேல மட்டும் கை வைக்காதீங்க. தீ வந்தா அதுவே சாத்திக்கும்."

மாமனார் விழுந்த மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். இடுக்கே இல்லை. தான் வாழ்நாளெல்லாம் தொண்டை வற்றச் சொன்னதை இவள் ஒரு துண்டு உலோகத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதுவும் மறக்கவே மறக்காத மாதிரி.

"என்னைவிட வேகமா சாத்துதே," என்றார். பிறகு தடியால் தரையைத் தட்டினார். "என்னப்பா வேடிக்கை? மத்ததெல்லாம் திறங்க."

கொஞ்ச நேரத்தில் கோபுரத்தில் தொங்கிய குழாய்கள் அசைய ஆரம்பித்தன. மேசையிலிருந்த காகிதங்களின் ஓரம் தூக்கியது. ஆய்வாளர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

லாக்கப்பிலிருந்து குரல் வந்தது. "ஐயா, ஜாமீனுக்கு அவசரப்படாதீங்க. ரெண்டு நாள் இருந்துட்டே போறேன்."

"சுவத்துல யாரும் கை வைக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் தலைவி எழுந்தார்.

கடைசியாக வெளியே வந்தவர் மாமனார்தான். கை பின்னால் போய்க் கதவைச் சாத்தியது. தடியும் பழக்கத்தில் மேலே எழுந்தது. பாதியில் நின்று, கீழே இறங்கியது.

அந்தக் கோபுரத்துக்குள் ரகசியமாக ஒரு பெரிய ஏ.சி. ஓடுகிறது, மாமனார்தான் மருமகள் மானம் காக்க மாட்டிவைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. உள்ளே தொங்குவது ஈரக் குழாய்கள் மட்டும்தான்.