காலி ஜாருக்கு ஒரு வாசனைக் குறிப்பு

1

இந்தக் கதை எனக்கு வந்த வழி அவ்வளவு கௌரவமானது இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் ஒருவனுக்காகக் காத்திருந்தபோது, மேசையில் கிடந்த ஒயின் கையேட்டைப் புரட்டினேன். ஒரு ஒயினில் பென்சில் சீவலும் குதிரைச் சேணமும் தெரியுமாம். இன்னொன்றில் ஈர நாய். மூன்றாவது ஒயின் 'கூச்ச சுபாவம் உள்ளது, ஆனால் மன்னிக்கத் தெரிந்தது'. நான் ஒயின் குடித்ததில்லை. சேணத்தை நக்கிப் பார்த்த புண்ணியவான் யாராக இருக்கும் என்று சிரித்துக்கொண்டிருந்தபோது பேச்சிராஜ் வந்து சேர்ந்தான். அவனுக்கு ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் வேலை.

"சிரிக்காதிய அண்ணாச்சி. எங்க கம்பெனியிலயும் மோந்து பாக்கதுக்குன்னே நாலு பேர வச்சிருக்காவ."

அவன் சொன்னது அவ்வளவுதான். மீதி என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: ஒரகடத்தின் மேல் விடியல் பரவ, கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின்

(அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதும் எல்லோரும் பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள்.)

இரண்டாவது: இசக்கிசெல்வியின் மூக்கு எடுப்பானது, அதில் ஒரு

(மூக்கைப் பற்றிய கதையில் மூக்கை வர்ணிப்பது அற்பம்.)

மூன்றாவதை அடிக்கப் போவதில்லை. ஒரு சின்ன அறை. சீட்டுக்குள் வைக்கும் நுரையில் ஒரு துண்டைக் கண்ணாடி ஜாரில் போட்டு மூடி, சூடாக்கி எடுத்து வருகிறார்கள். மேசையைச் சுற்றி நான்கு பேர்: இசக்கிசெல்வி, மெர்சி, ஜெயம், தேவராஜன். ஜாரைத் திறந்து மோந்து ஒன்று முதல் ஆறு வரை கிரேடு போட வேண்டும். ஒன்று என்றால் வாசனையே இல்லை. ஆறு என்றால் தாங்க முடியாது.*

* மோந்து பார்க்கும் நாளில் பூ, பவுடர், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் தடை. கேன்டீனில் கருவாட்டுக் குழம்பு என்றால் இந்த நால்வருக்கும் தயிர்சாதம். ஜெயம் இதற்காகவே ஒருமுறை ராஜினாமா வரை போனாள்.

3

குவாலிட்டி பார்க்கும் ஜெகதீஷ் காஞ்சிபுரத்துக்காரர். ஒருநாள் ஒயின் கையேட்டின் ஜெராக்ஸோடு வந்தார். (நான் பார்த்த அதே கையேடு. கதைக்குள் நானே கொண்டுபோய் வைத்தேன்.)

"இன்னாம்மா இது, பிளாஸ்டிக் வாசனைன்னு எழுதிகினு கீறீங்க? கஸ்டமருக்கு இன்னா புரியும்? நம்பரோட வார்த்தையும் வேணும்ன்றான். ஒரு கிளாஸ் ஒயினுக்கே ஒருத்தன் இவ்ளோ எழுதுறான், நாம ஒரு சீட்டுக்கு எழுதக் கூடாதா?"

மற்றவர்கள் பேனாவைக் கடித்தார்கள். இசக்கிசெல்வி எழுதினாள்: 'முதலில் மழையில் நனைந்த ஸ்கூல் பை. பிறகு ஷட்டர் இறக்கிய மருந்துக்கடை. கடைசியில், சண்டை போட்டுவிட்டுப் போன ஒருவரின் சட்டை.' கையேட்டில் செர்ரி வரும் இடங்களில் நாவல்பழம் போட்டாள். செர்ரியைக் கேக்கின் தலையில் பார்த்ததோடு சரி. கஸ்டமர் கம்பெனி மூன்று ஆச்சரியக்குறிகளோடு பதில் அனுப்பியது. பெர்மனென்ட் ஆக வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியது.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நன்றாக எழுதுகிறவளுக்கு நிஜமாகவே வாசனை தெரிகிறதா? எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தொழில் தெரியும். அறைத்தோழி பாண்டிச்செல்வியைப் பேசவிட்டுக் கேட்டேன்.

"ஏட்டி, பாலு பொங்கி அடிப்பிடிச்சிருக்கு. பக்கத்துலயே உக்காந்திருக்க, தெரியலயா?"

"அந்தக் காய்ச்சல்லருந்து ஒண்ணும் தெரியலட்டி. டாக்டரு வரும்போது வரும்ங்காரு."

"ஜெகதீஷ் சார்ட்ட நீயே சொல்லிரேன்."

"சொன்னா சீட்டு மாட்டுத லைனுக்குத் தள்ளுவாவ. லைன்ல ஏற்கெனவே ஆளு கூட. மார்ச்ல காண்ட்ராக்ட் முடியவும் ஊருக்குப் போன்னுருவாவ."

"அப்ப நம்பரு எப்படிட்டி போடுத?"

"மெர்சி அக்கா மூஞ்சியப் பாத்து. மூக்கு லேசாச் சுருங்குனா மூணு. கண்ணும் சேந்து சுருங்குனா அஞ்சு."

அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது என்று அந்த அறையில் சட்டம் உண்டு. அடுத்தவர் முகத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

5

ஒரு திங்கட்கிழமை ஜெகதீஷ், யாரிடமும் சொல்லாமல், காலி ஜாரைச் சூடாக்கி வைத்தார். உள்ளே நுரை இல்லை, தோல் இல்லை, ஒன்றுமே இல்லை. வாரக்கணக்கில் கையேட்டில் ஊறிய மூன்று மூக்குகள் பயந்தன. ஒன்றுமில்லை என்று எழுதினால் நம் மூக்கு மட்டம் என்று ஆகிவிடாதா? மெர்சி 'லேசான வெனிலா' என்று எழுதினாள். ஜெயம் 'நனைந்த சாக்கு'. தேவராஜன் 'முதலில் தயக்கம், போகப் போகத் தோல் பெல்ட்'.

மோந்த நொடியில் மெர்சியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இசக்கிசெல்வி அதைப் பார்த்தாள். 'கிரேடு ஒன்று. வாசனை இல்லை' என்று எழுதினாள்.

"இந்த ரூம்ல ஒரே ஒரு மூக்குதான் கீது" என்றார் ஜெகதீஷ். "நாளைக்கு கஸ்டமர் ஆளு வர்றான். நீ மட்டும் உள்ள போ. ஒரே ஜாரு. கரெக்டா கிரேடு போட்டுட்டினா பெர்மனென்ட் லெட்டர நானே வாங்கித் தரேன்."

"மெர்சி அக்காவும் வரட்டும் சார்."

"யாரு, காலி ஜார்ல வெனிலா மோந்துச்சே, அதுவா?"

இந்த இடத்தை எழுதிவிட்டு நான் சிரித்தேன். பிறகு வருத்தமாக இருந்தது. அவளை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான்.

6

முடிவுகளை முயன்று பார்த்தேன்.

அ. அவள் உண்மையைச் சொல்கிறாள். ஜெகதீஷ் நம்பவில்லை, தன்னடக்கம் என்கிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜார் அப்படியே மேசையில் இருக்கிறது.)

ஆ. மூடியைத் திறந்ததும் போன வாசனை திரும்பி வந்து, அவள் கண்களில் நீர்

(கூச்சமாக இருக்கிறது. விடுங்கள்.)

இ. நடுவாக மூன்று என்று போடுகிறாள். (மேனேஜர்கள் அப்படித்தான் போடுவார்கள். இவள் இன்னும் அந்த அளவுக்கு உயரவில்லை.)

7

ஆகவே செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. ஜாருக்குள் இருப்பது பசை சரியாகக் காயாத நுரை. கிரேடு ஐந்து. இது எனக்கும் ஜெகதீஷுக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். ஜெகதீஷ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி போன் பேசிக்கொண்டிருக்கிறார். கஸ்டமர் ஆள் மூக்குவரை மாஸ்க் போட்டிருக்கிறார். என் முகத்தை நான் இந்தப் பக்கத்தில் எங்கும் வைக்கவில்லை.

இசக்கிசெல்வி மூடியைத் திறந்து குனிந்து மோக்கிறாள். பேனாவை எடுக்கிறாள். வழக்கம்போல நிமிர்ந்து எதிரே பார்க்கிறாள்.

எதிரே நீங்கள்தான் இருக்கிறீர்கள். மூக்கையும் கண்ணையும் சுருக்குவதும் சுருக்காமல் இருப்பதும் உங்கள் பாடு.