காட்டாமணக்கு விதை

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். டாக்டர் மறுபடி கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். வரிசை சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை.

நானும் தனமும் முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறோம். வேலை முடிந்ததும் தோப்பு வழியாக ஜெயங்கொண்டத்துக்கு நடந்து, மாலைத் தட்டச்சு வகுப்புக்குப் போவோம். வழியில் சூரைப்பழம், காரைப்பழம் பறித்துத் தின்போம். ஒவ்வொன்றின் இலை, முள், பழத்தின் நிறம், கொட்டையை விழுங்கலாமா கூடாதா என்பதை நான் குறித்து வைப்பேன். தின்று பார்த்த இரண்டு பேரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்க மாட்டேன்.

"கல்யாண வூட்டுலயும் ரெண்டு பேரு தின்னுட்டு எந்திரிச்சப்புறந்தான் நீ பந்தியில உக்காருவ," என்பாள் தனம்.

இன்று சூரைப்பழம் அதிகம் கிடைக்கவில்லை. முள் கீறியதுதான் மிச்சம். வேலியில் காட்டாமணக்குக் காய்கள் காய்ந்து கறுத்துக் கிடந்தன. தனம் ஒன்றைப் பிதுக்கினாள். உள்ளே மூன்று கறுப்பு விதைகள். பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டைக்குள் இருப்பதைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. யோசிக்கும் முன்பே அவள் பல் தோலை உடைத்துவிட்டது.

"அது எனக்குத் தெரியாதுடி. இன்னும் யாரையும் கேக்கல."

"ஆமணக்கெண்ணெயப் பச்சப்புள்ளைக்கே ஊத்துறாங்க. இது அதுக்குப் பங்காளிதான." மென்றாள். "வேர்க்கடல மாரி இருக்கு. இந்தா."

நான் வாங்கவில்லை. துப்பு என்று சொல்லியிருக்கலாம். என் சந்தேகம் தப்பென்றால் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் நடந்துகொண்டே இன்னும் உடைத்தாள்.

வகுப்பில் இரண்டாவது தாளைச் செருகும்போது தொண்டை எரிகிறது என்றாள். அப்புறம் வாசலுக்கு ஓடினாள். வாந்தி நிற்கவில்லை. மாஸ்டர் காசிநாதன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"எத்தன விதை?" என்றார் டாக்டர்.

"ஆறு இருக்கும் சார். எட்டாவும் இருக்கலாம்."

சூரைப்பழத்தை எண்ணியிருந்தேன். இதை எண்ணவில்லை.

"இதுக்குன்னு மாத்து மருந்து கெடையாதும்மா. ஒடம்புல தண்ணி கொறையாமப் பாத்துக்கலாம். காலையில வரைக்கும் போவட்டும், பாப்போம்."

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் வாந்தியெடுக்கப் பேசினைப் பிடிப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை.

"வயித்துக்குள்ள யாரோ முறுக்குப் புழியறாங்கடி," என்று தனம் சிரிக்கப் பார்த்தாள். மறுபடி வாந்தி.

ஏழரை மணிக்கு அவள் அம்மா சாந்தா வந்தார். மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் தின்னியா பாப்பா? ஒனக்கு ஒண்ணுமில்லையே?"

"நான் திங்கலங்க அத்த."

"ஏன்?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சந்தேகமா இருந்துச்சு."

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அழுத்திச் சொல்லல."

அத்தை போர்வையை இழுத்து மகளின் பாதத்தை மூடினார். "சொன்னாலும் கேக்குறவ இல்ல," என்றார். அது எனக்காகச் சொன்னது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரியாயிடும்ல பாப்பா? நீ படிச்ச புள்ள."

ஆயிடும் என்று மட்டும் சொன்னால் போதும், அவர் உட்கார்ந்துவிடுவார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அத்தை இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.