தோற்க வேண்டிய ஆட்டம்

'டணார்' என்று ஒரு சத்தம். மைதானத்தைச் சுற்றி அடித்திருந்த தகரத் தடுப்பில், கண்ணாயிரத்தின் தலைக்கு ஒரு சாண் தள்ளி, எதுவோ வந்து மோதியது. கோயில் பிரசாதப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அப்படியே குந்திவிட்டார். மோதியது ஒரு பந்து. அது சாவகாசமாக உருண்டு வந்து அவர் செருப்பை முட்டி நின்றது.

"அங்கிள், பந்தைப் போடுங்க" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டாள்.

கண்ணாயிரம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நாலடி பின்னால் போய், ஓடி வந்து ஓங்கி உதைத்தார். பந்து போன திசையில் யாரும் இல்லை. செருப்பு போன திசையில் ஸ்கோர் எழுதுகிற மேசை இருந்தது.

மைதானமே சிரித்தது.

"கையால போடணும்ணா. இது ஹேண்ட்பாலு" என்றாள், சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள். செருப்பு திரும்பி வருகிற வரைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள், பிறகு நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. எந்த ஊரு?"

"குடியாத்தம். கோயிலுக்கு வந்தேன்."

அதில் பாதிதான் உண்மை. குடியாத்தத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் கண்ணாயிரம் அன்று காலை பஸ் ஏறியது, வேலூரில் படிக்கும் மகள் எழிலரசியைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போக. மறுநாள் ஞாயிறு. ஆம்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு நல்ல வேலை, தங்கமான குடும்பம். போன மாதமே வர வேண்டியவர்களைப் பரீட்சை என்று சொல்லி ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு தடவை தள்ளினால் அவர்கள் கௌரவமாக ஒதுங்கிவிடுவார்கள் என்று மனைவி பொன்னி அடித்துச் சொல்லியிருந்தாள்.

எழிலரசி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. போனில் ஒரே பேச்சாகப் பேசிவிட்டாள். "கல்யாணம் வேணாம்னு சொல்லலப்பா. சனிக்கிழமை திருவண்ணாமலையில செமிஃபைனல். தோத்துட்டா அப்பவே உன்கூட கெளம்பி வரேன். ஜெயிச்சா மறுநாள் ஃபைனல். அதை ஆடாம வரமாட்டேன்."

கண்ணாயிரமும் சரி என்றுவிட்டார். ஆக, சம்பந்தம் கெடாமல் இருக்க மகள் தோற்றாக வேண்டும். காலையில் அண்ணாமலையார் சன்னதியில் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது மகளுடையதைச் சொன்னார். வேண்டுதலை மட்டும் எதிரணிக்காக வைத்தார். அதிலும் நியாயம் பார்க்கிற மனுஷர். அசிங்கமாகத் தோற்க வேண்டாம், ரெண்டு மூணு வித்தியாசத்தில் கௌரவமாகத் தோற்றால் போதும் என்றுதான் கேட்டார்.

மகள் ஆடுகிற விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிரிக்கெட் என்றால் டி.வி. முன்னால் உட்கார்ந்து கேப்டனுக்கே யோசனை சொல்வார். ஹேண்ட்பால் என்று மகள் சொன்னது காதில் ஏறாமல், இரண்டு வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் 'பொண்ணு வாலிபால் ஆடுது' என்றே பெருமை பேசிக்கொண்டிருந்தார். இப்போது வலையைத் தேடினால், அது நடுவில் இல்லை. இரண்டு பக்கமும் கோல் கம்பத்தில் தொங்கியது.

"உங்களுக்கு எந்த டீமு?" என்று கேட்டாள் அந்த அம்மாள். பெயர் சந்திரம்மாள், ஊர் அடி அண்ணாமலை. அவளுடைய மகள் வேதா திருவண்ணாமலை அணியில் ஆடுகிறாள். சற்றுமுன் பந்து கேட்டவள் அவள்தான்.

"எனக்கு உங்க டீமுதான்" என்றார் கண்ணாயிரம். பொய் இல்லையே என்று அவருக்கே ஒரு திருப்தி.

சந்திரம்மாளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மடியிலிருந்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

விசில் ஊதினார்கள். வேலூர் அணி பெண்கள் ஓடி வந்தார்கள். ஆறு பேர் முன்னால் நிற்க, ஏழாவதாக முழுக்கைச் சட்டையும் நீளப் பேண்ட்டுமாக ஒருத்தி கோல் கம்பங்களுக்கு நடுவே போய், கையையும் காலையும் பரப்பிக்கொண்டு நின்றாள். கண்ணாயிரத்தின் வாயில் போட்ட கடலை அப்படியே நின்றது. எழிலரசி.

"அந்தப் பொண்ணு ஏன் அங்க போய் நிக்குது?"

"கோல்கீப்பர். வர பந்தைத் தடுக்கணும்."

"எதால?"

"எது கெடைக்குதோ அதால. கையி, காலு, மூஞ்சி."

"மூஞ்சியா?"

சொல்லி வாய் மூடவில்லை. வேதா கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, அந்தரத்தில் நின்றபடி பந்தை விசிறினாள். அது நேராக எழிலரசியின் கன்னத்தில் போய் அறைந்தது. எழிலரசி ஒரு தடவை தலையை உதறிவிட்டு, மறுபடி காலைப் பரப்பி நின்றாள்.

"மூஞ்சி, மூஞ்சி" என்று கண்ணாயிரம் பதறினார். மறுநாள் காலையில் பவுடர் போட வேண்டிய மூஞ்சி அது.

"நம்ம பொண்ணு எப்படி அடிச்சா பாத்தீங்களா" என்று சந்திரம்மாள் பூரித்தாள். நம்ம பொண்ணு என்று அவளே சொல்லிவிட்டதால் கண்ணாயிரம் கைதட்ட வேண்டியதாயிற்று.

ஆட்டம் வேகமாகப் போனது. இந்தப் பக்கம் ஒரு கோல் விழுந்தால் மூச்சு விடுவதற்குள் அந்தப் பக்கம் ஒன்று விழுந்தது. டி.வி.யில் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் ஒரு கோலுக்கு ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடப்பதைக் கண்ணாயிரம் பார்த்திருக்கிறார். இங்கே இடைவேளைக்குள்ளேயே இரண்டு பக்கமும் பத்தைத் தாண்டிவிட்டது. திருவண்ணாமலை இரண்டு கோல் முன்னால் இருந்தது. இரண்டே கோல். அவர் கேட்டது அப்படியே கிடைத்துக்கொண்டிருந்தது.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதும், இன்னும் நல்லதாக ஒன்று நடந்தது. எழிலரசி கம்பத்தை விட்டுவிட்டுத் திடுதிடுவென்று ஓடி வந்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறொருத்தி உள்ளே போனாள்.

"அவுட்டா?" என்றார் கண்ணாயிரம். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து தடுப்போரம் போய் பொன்னிக்குப் போன் போட்டார். "அவுட் ஆயிட்டா. அடுத்த பஸ்ஸுல ஏறிடுவோம். பலகாரத்துக்கு மாவு அரைச்சுடு."

போனை வைத்துத் திரும்பிப் பார்த்தால் எழிலரசி கம்பங்களுக்கு நடுவே நின்று ஒரு பந்தைக் காலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி போன். "இல்ல, அவுட் ஆகல. உள்ள போயிட்டா."

"மாவு அரைக்கறதா வேணாமா?" என்றாள் பொன்னி.

"இரு. மறுபடியும் வெளிய வரா. அரைச்சுடு." கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, நிறுத்து."

"நீ கோயிலுக்குப் போனியா, வேற எங்கனா போனியா?" என்று கேட்டுவிட்டு பொன்னி வைத்துவிட்டாள்.

படிக்குத் திரும்பிய கண்ணாயிரத்தைச் சந்திரம்மாள் பரிதாபமாகப் பார்த்தாள். "இதுல அவுட்டே கெடயாதுண்ணா. அவங்க டீமு பின்னால இருக்குதா, அதனால பந்து அவங்க கைல இருக்கறப்ப கோல்கீப்பரை வெளிய எடுத்துட்டு, அடிக்கறதுக்கு ஒரு ஆள ஜாஸ்தியா விடறாங்க. பந்து போயிடுச்சுன்னா அந்தப் பொண்ணு திரும்ப ஓடியாந்து நிக்கணும்."

"அதுவரைக்கும் கோலு?"

"காலியாத்தான் கெடக்கும்."

கண்ணாயிரம் யோசித்தார். கடையை அகலத் திறந்து போட்டுவிட்டு மொத்த ஆளும் லோடு இறக்கப் போன மாதிரி இருந்தது. "இது எவன் சொன்ன யோசனை?"

"இப்ப எல்லாரும் இப்படித்தான் ஆடறாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். ஆட்டம் பூரா ஓடணும், ஓடி வந்து அடியும் வாங்கணும். விட்டா அவ மேலதான் பழி. தடுத்தா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க." சந்திரம்மாள் கடலைத் தோலை ஊதினாள். "ஆனா அவ நல்லா நிக்கறா. எதிரி பொண்ணுன்னாலும் சொல்லணும்."

கண்ணாயிரம் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. எழிலரசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் இடுப்பு வலி என்கிற பெண், இங்கே பறந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். முழங்கையில் செம்மண் அப்பியிருந்தது. ஒரு பந்தைத் தடுத்தாள். கண்ணாயிரத்தின் வலது கை தானாகத் தூக்கிக்கொண்டது. அதை இடது கையால் பிடித்து இறக்கினார். இன்னொன்றைத் தடுத்தாள். "ம்" என்றார். மூன்றாவதை அவள் விட்டபோது, "சே" என்றார்.

"நம்ம கோலுக்கு ஏண்ணா சேங்கறீங்க?" என்றாள் சந்திரம்மாள்.

"கடலை கசப்பு" என்றார் கண்ணாயிரம்.

கடைசி நிமிஷங்கள். திருவண்ணாமலை ஒரே ஒரு கோல் முன்னால். பந்து வேலூரிடம். எழிலரசி கம்பத்தை விட்டு ஓடி வந்து பெஞ்சோரம் ஒரு காலை முன்வைத்து நின்றாள். உள்ளே ஏழு பெண்களும் பந்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே வழி தேடினார்கள். ஒரு கோல் அடித்தால் சமன். அடிக்காவிட்டால் தோல்வி. தோற்றால் பஸ், ஆம்பூர், பலகாரம், எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

வேதா கையை நீட்டினாள். பந்து அவளிடம் சிக்கிவிட்டது.

அவள் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கோடியில் கோல் ஆளில்லாமல் கிடந்தது. நின்ற இடத்திலிருந்தே உயரமாக வீசினாள். அதே நொடியில் எழிலரசி பெஞ்சை விட்டுப் பாய்ந்தாள்.

"ஓடு எழிலு, ஓடு தாயே" என்ற குரல் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டது. கண்ணாயிரம் படியிலிருந்து எப்போது குதித்தார், தகரத் தடுப்போரமாக மகளுக்கு இணையாக எப்போது ஓட ஆரம்பித்தார் என்பது அவருக்கே தெரியாது. பிரசாதப் பையிலிருந்த தேங்காய் மூடி ஒரு பக்கம் உருண்டது. பந்து ஒரு தடவை தரையில் குத்தி எழும்பியது. எழிலரசி விழுந்து கையை நீட்டினாள். விரல் நுனியில் பட்டது. பட்டும் உள்ளே போய்விட்டது.

விசில். இரண்டு கோலில் வேலூர் தோற்றது. அண்ணாமலையார் ஒரு கோல்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

கண்ணாயிரம் நேராக நடுவரிடம் போனார். "சார், கோல்ல ஆளே இல்லாதப்ப அடிக்கறது இன்னா நியாயம்? அந்தப் பொண்ணு வந்து நின்னப்புறம் அடிக்கச் சொல்லுங்க."

"நீங்க யாருங்க?" என்றார் நடுவர்.

"செருப்பு வந்துச்சே சார், அந்தப் பெரியவரு" என்றார் மேசையில் இருந்தவர்.

சந்திரம்மாள் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். "கோயிலுக்கு வந்தேன்னீங்க."

"கோயிலுக்கும் வந்தேன்."

"அந்தக் கோல்கீப்பரு உங்க பொண்ணா?"

"ஆமாம்மா."

"அதான் பாத்தேன். ஜெயிக்கற டீமுகூட ஒக்காந்துனு எழவு வீட்டுக்கு வந்தாப்புல இருந்தீங்க." அவள் மீதிக் கடலையை அவர் பையில் கொட்டிவிட்டு மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள்.

மைக்கில் ஒருவர் மறுநாள் நிகழ்ச்சியை வாசித்துக்கொண்டிருந்தார். அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் காலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அதன் பிறகு ஃபைனல். கண்ணாயிரம் அதை முழுசாகக் கேட்டார்.

எழிலரசி தோளில் பையோடு வந்தாள். கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. அதற்குப் பந்து மட்டும் காரணமில்லை.

"எப்பப்பா வந்த? யாரோ கத்தறாங்கன்னு நெனச்சேன்."

"மூணாவது இடத்துக்கு ஒரு மேட்ச் இருக்காமே?"

"ஆமா." அவள் ஷூ கயிற்றைப் பார்த்தாள். "அதுக்கு இன்னொரு பொண்ணு நிப்பா. சார்கிட்ட சொல்லிட்டேன். தோத்தா வரேன்னு உங்கிட்ட சொன்னேன் இல்ல, கெளம்பலாம்."

"அந்தப் பொண்ணு எப்படி?"

"நல்லா நிப்பா. பந்து வந்தா மட்டும் கண்ணை மூடிக்குவா."

கண்ணாயிரத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. பொன்னி. மகள் பக்கம் திரும்பி நின்றே எடுத்தார்.

"தோத்துட்டாங்களா?" என்றாள் பொன்னி. அவர் ஆமாம் என்றதும், "அப்பாடா. ஆம்பூர்க்காரங்க இப்பதான் போன் பண்ணாங்க, காலையிலயே கெளம்பிடுவாங்களாம். நான் அவங்களுக்கு இன்னா சொல்லட்டும்?"

கண்ணாயிரம் மகளின் தோளிலிருந்து பையை வாங்கி மறுபடி பெஞ்சின் மேல் வைத்தார்.

"பொண்ணு பாக்கறது நாளைக்கேதான், ஒரு மாத்தமும் இல்லன்னு சொல்லு. ஆனா வண்டிய நேரா திருவண்ணாமலைக்கு விடச் சொல்லு, நீயும் அதுலயே ஏறி வந்துடு. இங்க வெயிலு ஜாஸ்தி, மாப்பிள்ளைய ஒரு தொப்பி எடுத்துனு வரச் சொல்லு."