மாதம் தவறாத மாத்திரை

டஸ்டியின் இருமல் மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. கரும்புத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாலே அந்த நாய் நாக்கைத் தள்ளிக்கொண்டு படுத்துவிட்டது. இங்கம் ஊரின் கால்நடை மருத்துவர் பிரையோனி அதன் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டபோது, அதை வளர்க்கும் லியான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதயப்புழு மாத்திரை மாசாமாசம் குடுக்கிறீங்கல்ல?"

"தவறாம குடுக்கிறேன்," என்றாள் லியான்.

வாயில் சட்டென்று வந்துவிட்டது. உண்மையில், அந்த ஊரில் மழை நிற்கும் மே மாதத்தோடு, கொசுக்கடியால் பரவும் அந்தப் புழுவுக்கான தடுப்பு மாத்திரையும் நின்றுபோயிருந்தது. "வறண்ட காலத்துல ஏதுடி கொசு? அந்த டாக்டர் மாத்திரை விக்கப் பாக்குறா, நீயும் தலையாட்டுற," என்று கணவன் வெர்ன் அடித்துச் சொன்னான், அவளும் கேட்டுத் தொலைத்தாள். வீட்டுக்கு அடியிலேயே மழைநீர்த் தொட்டி இருக்கும்போது கொசுவுக்கு எந்தக் காலம் வறண்ட காலம்?

மருத்துவரின் முகம் தெளிந்தது. "அப்ப புழுவா இருக்காது. சளிதான். ரத்தம் எடுக்க வேண்டாம், மருந்து தர்றேன்."

வெளியே வண்டியில் காத்திருந்த வெர்ன் மருந்துப் புட்டியைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா, வெறும் சளி. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

டஸ்டி வண்டியில் ஏறப் பார்த்தது, முடியவில்லை. முன்காலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது.

லியான் நாயை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். வெர்ன் கத்தியது காதில் ஏறவில்லை.

"டாக்டர், நீங்க என்னை நம்பிட்டீங்க," என்றாள். "நம்பாதீங்க. ரத்தம் எடுங்க."