கடற்கரைச் சாலையில் ஒரு வரப்பு

செவ்வந்தி சென்னைக்குக் கடல் பார்க்க வரவில்லை. கீழ்வேளூரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கடல் இருந்தும், அவள் அதை ஆயுளில் இரண்டு தடவைதான் பார்த்திருந்தாள். ஊரில் பிழைக்க வழியில்லாமல் போனதால் ரயிலேறினாள்.

கோட்டையில் உட்கார்ந்து சர்க்கார் போட்ட கூலிச் சட்டம், கீழ்வேளூருக்கு வந்து சேர்வதற்குள் நொண்டியாகிவிட்டிருந்தது. கூலிக்காரர்கள் அறுப்புக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகப் பெரிய பண்ணை அமிர்தலிங்கம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். லாரி வருவதைப் பார்த்துவிட்டு வரப்பு வரப்பாக ஓடி, மூன்று தெருவுக்கும் சேதி சொன்னவள் செவ்வந்தி. ஜனம் திரண்டு நிற்கவும் லாரி வந்த வழியே திரும்பிப் போயிற்று. அதோடு அவள் பிழைப்பும் போயிற்று. இராஜாங்கம் மகள் செவ்வந்தியை நடவுக்கோ களைக்கோ எவரும் கூப்பிடக் கூடாது என்றார் பண்ணை. அடுத்த சாகுபடிப் பட்டத்தில், கேட்ட கூலியைக் கொடுக்க மனசில்லாமல் பத்து மா நிலத்தைத் தரிசாகவே போட்டுவிட்டார். அந்த மனுஷரின் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் மருந்து.

சென்னையில் சித்தி தங்கமணி ஒரு மில்லில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மில்லுக்குப் பெண்கள் ஓட்ட அணி சேர்க்கிறார்கள், கடற்கரைச் சாலையில் பந்தயம் வைக்கிறார்கள், முதலில் வருகிறவளுக்கு வேலை என்று அவள்தான் கடுதாசி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பெண்கள் கோட்டில் நின்றார்கள். செவ்வந்தி சித்தப்பாவின் அரைக்கால் சட்டையும், வெறுங்காலுமாக நின்றாள். நாலாவதாக நின்றவளை அவளுக்குத் தெரியும். பண்ணை மகள் நீலாயதாட்சி. காலேஜ் பனியன், வெள்ளை பூட்ஸ்; பட்டணத்தில் படிக்கிறவள், எங்கே பந்தயம் என்றாலும் ஓடுகிறவள்.

"எங்க வயல்ல நாத்துப் பறிக்கிறவ" என்று நீலாயதாட்சி பக்கத்திலிருந்த தோழியிடம் உரக்கவே சொன்னாள். "ஊர்ல கொழுப்பெடுத்து ஆடினது பத்தாதுன்னு இங்க ஓட வந்திருக்கா."

விசில் ஊதியதும் செவ்வந்தி முன்னால் போனாள். தலையில் நெற்கட்டோடு களத்துக்கு ஓடிய கால்களுக்குத் தார்ச்சாலை ஒரு பொருட்டில்லை. முடிவுக் கோட்டுக்கு இன்னும் அரைப் பர்லாங்கு இருக்கும்போது எல்லோரையும் முந்தியிருந்தாள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய், ஒதுங்கு."

அவ்வளவுதான். மறு நிமிஷம் செவ்வந்தி சாலையை விட்டிறங்கி மணலில் நின்றுகொண்டிருந்தாள், தலையைக் குனிந்தபடி. நீலாயதாட்சி அவளைத் தாண்டிப் போய் நாடாவை அறுத்தாள். நாலு மாட்டு வண்டி சேர்ந்தாற்போல் போகக்கூடிய சாலை அது.

ஊரில் அப்படித்தான். பண்ணை வீட்டார் வரப்பில் வந்தால், தலையில் சுமை இருந்தாலும், இடுப்பில் பிள்ளை இருந்தாலும் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். நடக்கப் பழகிய நாளில் பழகிய பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்யும். அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

அவள் இரண்டாவதாக வந்து சேர்ந்தபோது மில் அதிகாரி நீலாயதாட்சியிடம் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். "வேலைக்கு வர்றீங்களாம்மா? இல்லேன்னா அடுத்து வந்தவங்களுக்குக் கொடுத்துடுவோம்."

நீலாயதாட்சி செவ்வந்தியை ஒரு பார்வை பார்த்தாள். "அடுத்தது இவளா? அப்ப நானே எடுத்துக்கறேன். குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவள் வேலைக்குப் போகப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், செவ்வந்திக்கும் தெரியும். அப்பன் நிலத்தைத் தரிசு போட்டான், மகள் வேலையைத் தரிசு போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி திட்டித் தீர்த்தாள். "ஏண்டி, தார் ரோட்டுல ஏதுடி வரப்பு? உன்ன யாருடி எறங்கச் சொன்னா?"

"காலு எறங்கிடுச்சு சித்தி."

"அந்தக் காலுக்குச் சொல்லி வையி. இன்னொரு ஆளும் வேணுமாம் மில்லுக்கு. வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி ஓட விடுறாங்க. அதுலயும் எறங்கினே, அப்பறம் ஊருக்குப் போயி பண்ணை வாசல்லயே விழுந்து கெட."

ஆறு நாளும் விடியலில் செவ்வந்தி ஓடினாள். பின்னாலேயே சைக்கிளில் வந்து "ஏய், ஒதுங்கு" என்று கத்தச் சொல்லிச் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டாள். பாவம் அவர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முதல் மூன்று நாளும் ஒவ்வொரு தடவையும் கால் ஓரத்துக்குப் போயிற்று. நாலாம் நாள் ஒரு தடவை போகவில்லை. சனிக்கிழமை பத்துக்கு இரண்டு தடவை போயிற்று. அந்த இரண்டை நினைத்து அவள் சாப்பிடாமலே படுத்தாள்.

ஞாயிறன்று நீலாயதாட்சியும் வந்து நின்றாள். கையெழுத்துப் போட்ட வேலையில் அவள் சேரவில்லை. ஏன் மறுபடி ஓடுகிறாய் என்று அவளைக் கேட்க அங்கே யாருக்கும் துணிச்சலும் இல்லை.

இந்த முறை கூட்டம் அதிகம். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஜனம் இரண்டு பக்கமும் நெருக்கியதில் சாலை ஓர் ஆள் போகும் வழியாகச் சுருங்கியிருந்தது. சரியாக ஒரு வரப்பு அகலம். செவ்வந்தி அதற்குள் முதலில் நுழைந்தாள். பூட்ஸ் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது.

"ராஜாங்கம் மவளே, ஒதுங்குடி!"

அப்பன் பெயரைக் கேட்டதும் இடது கால் ஓரத்துக்குப் போயிற்று. வயிற்றிலிருந்து ஒரு கோபம் பொங்கிவந்து அந்தக் காலைப் பிடித்து நடுவில் வைத்தது. தோளில் ஒரு கை விழுந்து தள்ளியது. அவள் அசையவில்லை. பூட்ஸின் நுனி குதிகாலைக் கிழித்தது. அவள் அசையவில்லை. தள்ளிய வேகத்தில் தடுமாறியது நீலாயதாட்சிதான். கூட்டத்தில் மோதி, ஓரத்தில் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றில் சிக்கி, ஓர மணலில் குப்புற விழுந்தாள்.

செவ்வந்தி நாடாவை அறுத்தாள்.

"சார், இவ வழி விடல! வேணும்னே மறிச்சா!" மணலைத் துப்பிக்கொண்டே நீலாயதாட்சி கத்தினாள்.

அதிகாரி அவளை விநோதமாகப் பார்த்தார். "முன்னால ஓடறவங்க எதுக்கும்மா வழி விடணும்?"

எத்தனை தலைமுறையாக யாரும் கேட்காத கேள்வியை அந்த மனுஷர் சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டு, காகிதத்தில் செவ்வந்தியின் பெயரை எழுதப் போய்விட்டார்.

நீலாயதாட்சி எழுந்து அவளருகே வந்தாள். "ஊருக்கு வருவேல்ல? அப்பா உன்ன என்ன பண்றாருன்னு பாரு."

செவ்வந்தியின் குதிகாலிலிருந்து இரத்தம் தாரில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குனியவில்லை.

"வருவேன். பொங்கலுக்கு லீவு குடுப்பாங்க. வரப்பு மேலயேதான் வருவேன், உங்கப்பாவ எதிர்ல வரச் சொல்லு."