முதல் குடிலின் தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் வேண்டும் என்று அந்த ஆள் கேட்டபோதே முடியாது என்று நோயலின் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஏரி உறைந்த பிறகு பனிவண்டியில் பலகை பலகையாக இழுத்து வந்து, ஆறு குளிர்காலம் பாடுபட்டு அவள் கட்டிய மூன்று குடில்களும் அவனுடைய ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தன. தெற்கிலிருந்து மீன் பிடிக்க வரும் பணக்காரர்களை எந்த முகாமுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவன் விட்கோம். அவன் சரி என்றால் அடுத்த கோடை முழுக்க ஆள் நிறையும். இல்லையென்றால் முகாமைக் கைகழுவிவிட்டு, நகரத்து மருத்துவமனைச் சமையலறையில் அவள் மறுபடி உருளைக்கிழங்கு உரிக்கப் போக வேண்டியதுதான்.

குடிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாத்து இறகுப் போர்வை, ஏரியைப் பார்த்த ஜன்னல், கொசு நுழையாத வலை, வெந்நீர்க் குழாய். முகாமைப் பார்வையிட வந்த அன்று விட்கோமே வாயாரப் புகழ்ந்தான். வினை மறுநாள் காலை ஐந்து மணிக்கு வந்தது.

நோயலின் வழக்கம்போலக் கதவைத் திறந்து உள்ளே போய், கணப்பு அடுப்பில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளி குளிரில் எழுந்திருக்கலாமா? அந்த வடக்கத்திப் பூர்வகுடிகளான அவளுடைய டெனே ஜனங்கள் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தட்டுகிறவன் போலீஸ்காரன், அதை விட்டால் பாதிரியார். பாவம், விட்கோமுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கண் திறந்தால் கட்டிலுக்கு இரண்டடியில் ஒரு பொம்பளை விறகுக்கட்டையோடு குந்தியிருக்கிறாள். அவன் போட்ட கூச்சலில் கரையிலிருந்த வாத்தெல்லாம் எழும்பிப் பறந்தன.

"தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்கு நான் யாரையும் அனுப்ப முடியாதுங்க" என்றான், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே படகுக் கொட்டகையில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளைத் தேடியெடுத்து அவளே முடுக்கினாள். முகாமின் படகோட்டி அல்ஃபோன்ஸ், அவள் சித்தப்பா மகன், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"கரடிக்குப் பயந்து போடறியா, உனக்குப் பயந்து போடறியாக்கா?"

"வாயை மூடிக்கிட்டு அந்தத் திருகாணியக் குடு."

"காலைல அடுப்பு யாரு மூட்டுறது?"

"அவரே பாத்துக்குவாராம். எல்லாம் தெரியுமாம்."

"தெரியும்னுட்டாரா? அப்ப நமக்கு ஒரு கவலை விட்டுது."

அன்றிரவு குளிர் சட்டென்று இறங்கியது. விடியும்போது புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஐந்து மணிக்கு நோயலினின் கால் தன்னால் முதல் குடிலுக்கு நடந்தது. புகைக்குழாயில் புகை இல்லை. கதவிடுக்கிலோ புகை நாற்றம். புகையெல்லாம் உள்ளேயே அடைந்து நிற்கிறது. சூடு வெளியே போய்விடக் கூடாதென்று, கங்கு கனன்றுகொண்டிருக்கும்போதே குழாயின் தடுப்பை முழுசாக மூடித் தொலைத்திருக்கிறான் மகராசன்!

தள்ளினாள். தாழ் போட்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

சத்தம் கேட்டு அல்ஃபோன்ஸ் கோடரியோடு ஓடி வந்தான்.

"இங்க குடு. நான் செஞ்ச கதவு, நானே உடைக்கிறேன்."

மூன்றாவது வெட்டில் கதவு பிளந்தது. இருவருமாக அவனை இழுத்து வந்து புல்லில் போட்டார்கள். இருமினான், வாந்தி எடுத்தான், தலை வெடிக்கிறது என்று முனகினான். உயிர் இருந்தது. அல்ஃபோன்ஸ் நகரத்துக்குப் போன் போட்டான். விமானம் ஒரு மணி நேரத்தில் வருகிறது என்றார்கள்.

விட்கோம் போர்வைக்குள் உட்கார்ந்து தேநீரை உறிஞ்சினான். நோயலினுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவன்மேல் அல்ல, தன்மேல். கூடாது என்று தெரிந்தே அந்த இரும்பை மாட்டினாளே, பேராசைக்காரி! ஆறு வருஷ உழைப்பும் போச்சு என்றுதான் நினைத்தாள். நினைத்த பிறகு பயம் விட்டுப்போயிற்று.

"ஒண்ணு சொல்லிடறேன் கேளுங்க. கதவை இன்னிக்கே புதுசா செஞ்சிடுவேன். தாழ்ப்பாள் மட்டும் போட மாட்டேன். மூணு குடிலுக்கும் கிடையாது. அஞ்சு மணிக்கு வருவேன், அடுப்ப மூட்டுவேன், போயிடுவேன். பிடிக்காதவங்க இங்க வர வேண்டாம். நீங்க கையெழுத்து போடலேன்னாலும் சரி."

அல்ஃபோன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பிழைப்பும் அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

விட்கோம் தேநீர்க் கோப்பையைப் புல்லில் வைத்தான். பிறகு, "தட்டிட்டாவது வரலாமில்ல?" என்றான்.

"தட்டினா முழிச்சுக்குவீங்களே. அறை சூடாகிற வரைக்கும் நீங்க தூங்கணும்னுதானே தட்டாம வர்றேன்."

மிதவை கட்டிய விமானம் வந்து ஏரித் தண்ணீரில் இறங்கியது. விட்கோம் தன் பையைக் கேட்டு வாங்கி, முழங்காலில் காகிதத்தை வைத்து, என்னவோ கிறுக்கி அவளிடம் நீட்டினான். அல்ஃபோன்ஸ் அவனைத் தாங்கிப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்ட பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். ஒப்பந்தம். அடியில் கையெழுத்து. அதற்கு மேலே, விருந்தாளிகளுக்கான குறிப்பு என்று போட்டு, கோணல்மாணலாக இரண்டு வரி.

"இங்கே தாழ்ப்பாள் கிடையாது. விடியற்காலையில் உங்களுக்காக ஒருவர் வருவார், நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை."

நோயலின் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து, ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.