ஏழு மண் தலையணைகள்

நண்பகல் சாய்ந்து, வெயில் தன் வெண்மையை உதறிப் பொன்மையைப் பூணத் தொடங்கிய வேளை. கலைக்கல்லூரியின் நீண்ட கூரைகளுக்கு மேலே, பெய்வதாகப் புறப்பட்டு வழியிலேயே மனம் மாறிய முகில்கள் சில திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மேற்குக் கட்டடத்தில் தொடர்பியல் வடிவமைப்பு பயிலும் மாணவர், ஓர் அம்புக்குறியின் வளைவில் உலகத்தின் விதியே அடங்கியிருப்பதுபோல் மோதிக்கொண்டிருந்தனர். கிழக்குக் கொட்டகையில் மண்கலை மாணவர் முழங்கை வரை வெண்சேறு பூசி, சுழலும் தட்டுகளின்மேல் குனிந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் நடுவே, செங்கல் சுவர் சூழ்ந்த சூளைக்கூடம், வயிறார உண்டு கண்ணயர்ந்த பெருவிலங்குபோல் உறுமிக்கொண்டிருந்தது. நயம் தேரும் நெஞ்சினரே, பத்து மாணவரின் இறுதித் தேர்வுப் படைப்புகள் அப்போது அதன் வயிற்றுக்குள் வெந்துகொண்டிருந்தன. தேர்வாளர் வருவதற்கு இடையில் இருந்தது ஒரே ஒரு முழுநாள்.

அப்பத்துப் பேருள் மூத்தவள் ஒருத்தி, வயது முப்பத்தாறு. இளையோர் அவளை எழுத்தக்கா என்றே அழைத்தனர், எழுத்தின் வடிவம் கோணியிருந்தால் உணவுவிடுதிப் பலகையைக்கூடத் திருத்தாமல் கடக்க மாட்டாள் என்பதால். மண்கலை, தொடர்பியல் வடிவமைப்பு என்னும் இரண்டையும் ஒருங்கே பயின்றவள். ஏழாண்டுகளுக்குமுன் நோயுற்று இடையில் நின்று, இப்போது இரண்டாம் முறையாக வந்தவள். மூன்றாம் முறைக்குக் கல்லூரி விதியில் இடமில்லை. மருத்துவமனைகளுக்கு வழிகாட்டும் குறிகள் வரைந்து தரும் அலுவலகம் ஒன்று, பட்டம் கையில் வந்த மறுநாளே வந்து சேரும்படி சொல்லியிருந்தது. அவள் தங்கியிருந்த தம்பி வீட்டிலோ, அன்று காலைகூடத் தம்பி செருப்பை மாட்டியபடியே, “இந்தத் தடவையாவது முடிச்சிடுக்கா. அக்கா என்ன பண்றாங்கன்னு கேக்குறவங்களுக்குச் சொல்ல எங்கிட்ட வேற கதை தீந்துபோச்சு” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்த வேலை ஒன்று உண்டு. கொட்டகையில் இரண்டு பெரிய தொட்டிகளில் வெண்களிமண் இருக்கும். ஒன்று உயர்சூட்டைத் தாங்குவது. மற்றது தாழ்சூட்டுக்கே உரியது, அதற்கு மேற்பட்டால் மெழுகுபோல் குழைந்துவிடுவது. ஈரத்திலும் முதற்சூட்டின் பின்னும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். முன்னெல்லாம் சூளைக்காரர் தம் கோணல் கையால், தொட்டியின் வயிற்றிலேயே சிவப்பு வண்ணத்தில் “இது உருகும்” என்று கிறுக்கி வைத்திருந்தார். எழுத்தக்காவின் கண்ணுக்கு அது புண். அதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, நின்று குனிந்து பார்ப்பவருக்கு நேரே தெரியும்படி மூடிகளின்மேல் வட்டப் பெயர்ச்சீட்டுகளை வடித்து ஒட்டினாள். துறைத் தலைவர் அதைத் தெளிவின் இலக்கணம் என்று புகழ்ந்து முதல் மதிப்பெண் அளித்தார், சூளைக்காரர் மட்டும், “அழகாத்தான் இருக்கு, என் கையெழுத்தைவிட. கழுதை உதைச்ச சுவர்கூட என் கையெழுத்தைவிட அழகுதான்” என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்தப் பிற்பகலில் அவள் கொட்டகைக்குப் போனது, காட்சி மேடையின் காலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பிடி மண் எடுக்கவே. உயர்மண் என்று மூடி சொன்ன தொட்டியில் மண் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. கையை விட்டு வழித்தவளின் விரலில், விற்பனையாளர் உறையோடு போட்டிருந்த தாள் ஒன்று சேறு வழிய ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துப் படித்தாள். தாழ்சூட்டு மண், ஆயிரத்து நூற்றுப் பத்துப் பாகைக்கு மேல் தாங்காது.

சென்ற திங்கள், தன் படைப்புத் தொகுப்புக்காகத் தொட்டிகளை ஒளிப்படம் எடுத்தபோது, இரண்டு மூடிகளையும் கழற்றிக் கழுவியவள் அவளே. திரும்ப மூடுகையில், நீலச்சீட்டு சாளரத்தின் பக்கம் இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று பார்த்தாளே ஒழிய, எந்த மூடி எந்தத் தொட்டியுடையது என்று பார்க்கவில்லை. மூடி என்பது கழலக்கூடியது, கழல்வது மாறக்கூடியது என்னும் எளிய உண்மை, பெயர் பெற்ற அந்த வடிவமைப்பாளிக்குத் தோன்றாமலே போனது.

அதற்குப்பின் அத்தொட்டியில் மண் எடுத்தவள் ஒருத்திதான்: ஓசையின்றி நடப்பதால் பூனை என்று பெயர் பெற்ற மாணவி. அவள் வனைந்தவை ஏழு வெண்ணிறத் தலையணைகள். ஒவ்வொன்றிலும் அவள் வீட்டார் ஒருவரின் தலை பதிந்த குழி. ஏழாவது, ஓராண்டுக்குமுன் இறந்த அவள் அண்ணனுடையது. அவன் தலைவைத்த தடத்தோடு தாய் யாரையும் தொடவிடாமல் காத்து வைத்திருந்த தலையணையின்மேல், சென்ற திங்கள்தான் மண்ணை அழுத்தி அச்செடுத்தாள் பூனை. எடுத்து முடித்த அன்றே, “போதும்டி, இனிமே அதுல உன் அப்பா படுக்கட்டும்” என்று தாய் அதைப் பிரித்துப் புதுப் பஞ்சு அடைத்துவிட்டாள். அந்தத் தடம் உலகில் வேறெங்கும் இல்லை; சூளைக்குள் மட்டுமே இருந்தது.

எழுத்தக்கா சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தாள். சூளைக்கூடத்து வெப்பமானியின் செவ்வெண்கள் அங்கிருந்தே தெரிந்தன: ஆயிரத்து எழுபத்திரண்டு. மற்றவரின் மெருகுப்பூச்சு உருகிப் படிய ஆயிரத்து இருநூற்று நாற்பது வேண்டும். சூளை அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் தலையணைகள் பிழைக்கும்; மற்ற ஒன்பது பேரின் படைப்பும் தேர்வு நாளில் சுண்ணாம்புபோல் வெளிறிக் கிடக்கும்; மூடியை மாற்றியவள் யார் என்ற கேள்வியும் எழும். நிறுத்தாவிட்டால், பூனை தொட்டி மாற்றி எடுத்துவிட்டாள் என்றே ஊர் சொல்லும். அடித்தட்டில் இருந்த எழுத்தக்காவின் தேர்வுப் படைப்பான, எழுத்து பொறித்த நாற்பது ஓடுகளுக்கு ஒரு கீறலும் நேராது.

அவள் நின்றாள். தாளை மடித்தாள், விரித்தாள். பழைய தாளாக இருக்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மற்றத் தொட்டியைக் கிளறினாள், அங்கே உயர்மண்ணின் தாள் கிடைத்தது. தம்பியின் முகம் வந்தது, அலுவலகத்தின் கடிதம் வந்தது, விதிநூலின் ஒற்றை வரி வந்தது. இரு மூடிகளையும் ஓசைப்படாமல் மாற்றி வைத்தாள்; பிறகு, திருடியின் கையைப் பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் ஓடினாள். சுவர்க் கடிகாரம் அறிந்தது, அவள் நின்றது பன்னிரண்டு மணித்துளி.

“அண்ணே, சூளையை நிறுத்துங்க.”

சூளைக்காரர் தேநீரை ஊதிக்கொண்டே, “ஏன், உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?” என்றார்.

“பூனையோட தலையணை எல்லாம் தாழ்மண்ணு. உருகிடும்.”

“உயர்மண் டிரம்முலேர்ந்து அவ எடுத்ததை நானே பாத்தேனே.”

“மூடி மாறிப்போச்சு. மாத்திப் போட்டது நான்.”

குவளை கீழிறங்கியது. “எழுத்தம்மா, பொதுச் சூளை இது. தலைவர் கையெழுத்து இல்லாம நான் கை வச்சா என் வேலை போயிடும். பத்துப் பேர் பொருள் உள்ள இருக்கு, உன்னோடதும் சேத்து. தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான்.”

வாயிலில் நிழல் விழுந்தது. எப்போது வந்தாள் என்று யாரும் அறியாதபடி பூனை நின்றிருந்தாள். “அண்ணனோடது மேல்தட்டுல இருக்குக்கா” என்றாள், வழி கேட்பவள்போல் தணிந்த குரலில். யாருடைய மெருகும் அதன்மேல் சொட்டிவிடக் கூடாது என்று அவளே கேட்டு வாங்கிய இடம் அது. மேல்தட்டில் மானி காட்டுவதைவிட முப்பது பாகை சூடு கூடுதல் என்பதை மண்கலையின் முதலாண்டுப் பிள்ளைகளும் அறிவர். மானி ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

சூளைக்காரர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் சக்கரை வாங்கப் போயிருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சுவரிடம் சொன்னார். எழுத்தக்கா மின்விசைப் பிடியை இழுத்தாள். உறுமல் அடங்கியது, அந்த அமைதி, ஒரு வீட்டில் அழுகை தொடங்குமுன் நிலவும் அமைதியை ஒத்திருந்தது.

மாலைக்குள் அவள் தன் பிழையை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாள். ஒன்பது பேருக்கு ஒரு திங்கள் நீட்டிப்பு வழங்கப்பட்டது. தன்னால் நேர்ந்த இழப்புக்குத் தானே நீட்டிப்புப் பெற இயலாது என்று துறைத் தலைவர், அவள் முகம் பாராமல், அவள் வடித்த எழுத்துருவிலேயே அச்சான கல்லூரித்தாளில் எழுதித் தந்தார். “அக்கா, அடுத்து கழிப்பறைக்கும் மூடியிலேயே பேரு எழுதிடுங்க” என்று ஒருவன் சொல்ல, சிலர் சிரித்தனர். அவளும் சிரித்தாள், வேறு செய்வதறியாமல். தம்பி அன்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, “சாப்பிடுக்கா” என்றான். அது கேள்வியைவிடக் கொடிதாய் இருந்தது.

மறுநாள் பிற்பகல், சூளை ஆறியபின் கதவு திறந்தது. நடுத்தட்டில் இருந்த ஆறு தலையணைகளும் வெள்ளை மாறாமல், தலைகளின் தடம் மாறாமல் இருந்தன. மேல்தட்டில் இருந்தது, பனியில் நனைந்ததுபோல் பளபளத்து, நடு தளர்ந்து, விளிம்பு கரைந்து, குழி தூர்ந்து கிடந்தது. யாரும் ஒருபோதும் தலைவைத்திராத தலையணை அது.

பூனை அதைக் கையால் நெடுநேரம் தடவினாள். “அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றாள். பிறகு எழுத்தக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள். “நீங்க தெரிஞ்ச உடனே ஓடி வந்தீங்க, அதான் மத்த ஆறு தலையணையாவது தப்பிச்சுது. உங்க படிப்பே போச்சு எனக்காக. நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா.”

தெரிந்த உடனே. ஆயிரத்து எழுபத்திரண்டோடு முப்பதைக் கூட்டினால் என்ன வரும் என்று எழுத்தக்காவின் நெஞ்சம் அப்போதும் கூட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும், அந்தத் தடம் பிழைத்திருக்கும் என்றே விடை வந்தது. அவள் வாய் திறந்தது. பற்றிய கை வெம்மையாய் இருந்தது. வாய் மூடிக்கொண்டது.

சொல்ல வேண்டியதை உரிய இடத்தில் உரிய நேரத்தில் சொல்வதையே கல்வியாகக் கற்றவள் அவள். அலுவலகங்கள் பலவற்றில் பின்னாளில் பிறர் பெயரில் அவள் வரைந்த அம்புகள், வழி தவறியோர் எத்தனையோ பேரைச் சேருமிடம் சேர்த்தன. ஆயினும் ஒரே ஒருத்திக்குச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு மணித்துளிகளை அவள் எங்கும் எழுதவில்லை. சுட்ட மண் மீண்டும் சேறாவதில்லை. நன்றியோடு பற்றிய கைக்குள் ஒளிந்த பொய்யும் அவ்வாறே, ஆறி, இறுகி, அவளோடு இருந்தது.